பிள்ளையாரிடம் கேட்ட வீடு

"இரி புள்ள" என்று கனகசிங்கம் இரண்டு தடவை சொல்லியும் அந்தப் பெண் உட்காரவில்லை. ஆரையம்பதியில் அவருடைய வீட்டு விறாந்தைத் தூணைப் பிடித்தபடியே நின்றாள். தோணியால் இறங்கி நடந்து வந்ததில் சேலையின் கீழ்க்கரை நனைந்து சேறாகியிருந்தது.

"நான் வழக்குச் சொல்ல வரல்ல ஐயா" என்றாள். "வீடு போனாப் போகட்டும். நான் என்ன பாவம் செய்தன் எண்டு மட்டும் எனக்குத் தெரியணும். நீங்க கோட்டில இரிந்த ஆள். விசாரிச்சுச் சொல்லுங்க."

கனகசிங்கம் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் சொல்லப்படும் பொய்யை இங்கிலீசுப் பொய்யாக்கித் துரைமாருக்குக் கொடுப்பதுதான் தன் உத்தியோகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகும் நகை தொலைத்தவர்களும் எல்லைச் சண்டைக்காரர்களும் அவரைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். தன் பாவத்தைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

பக்கத்துக் கதிரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த உசனார் கோப்பையைக் கீழே வைத்தார். காத்தான்குடியில் அவருக்கு ஒரு புடவைக் கடை உண்டு. கடையைத் தம்பி பார்த்துக்கொள்ள, இவர் கனகசிங்கத்திடம் வரும் வழக்குகளைப் பார்த்துக்கொண்டார்.

"அல்லாவே, பாவத்துக்கெல்லாமா மொதலியார்ர வீட்டுக்கு வாறது?" என்றார் உசனார். "என்ன நடந்த எண்டு சொல்லு புள்ள. களவா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காய்ந்து கறுத்துப்போன செவ்வரத்தம் பூ, அதாவது செம்பருத்திப் பூ, ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். "இதுதான் ஐயா எனக்கு வந்த தீர்ப்பு" என்றாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

அவள் பெயர் புஸ்பம். ஊரார் ஆறு என்று சொல்லும் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், தாழைத்துறை என்ற சிற்றூரைச் சேர்ந்தவள். அவளுடைய தாய் சீதேவிப்பிள்ளை வாதத்தில் விழுந்து ஏழு வருடம் பாயில் கிடந்தாள். அந்த ஏழு வருடமும் தூக்கி, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிப் பார்த்தவள் புஸ்பம். அதற்காகவே வந்த கலியாணங்களையெல்லாம் வேண்டாமென்று விட்டாள். அண்ணன் கோணாமலை கலியாணம் கட்டி மனைவி வீட்டோடு போய்விட்டான். நல்லநாள் பெருநாளுக்கு ஒரு வாழைக்குலையோடு வருவான்.

போன மாதம் தாய் கண்ணை மூடினாள். ஏழு வருடமாக அந்த வீட்டு வாசலை மிதியாத சொந்தமெல்லாம் இந்தத் திங்கட்கிழமை நடந்த முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வண்டி பூட்டிக்கொண்டு வந்து இறங்கியது. விடியவே காரியம் முடிந்து, கோயிலுக்குப் போகவிடாத சாவுத் துடக்கும் கழிந்தது. சோறு உலையில் கொதிக்கும்போதே வெண்கலப் பானைக்கு இரண்டு பேர், குத்துவிளக்குக்கு மூன்று பேர் என்று இழுபறி தொடங்கிவிட்டது. வெற்றிலை வட்டாவை ஒருத்தி மடிக்குள் வைத்துக்கொண்டு எழும்பவே மறுத்தாள். செத்தவளின் தலையணையைக்கூட, உள்ளே இலவம்பஞ்சு நல்லது என்று சொல்லி ஒருத்தி எடுத்துக்கொண்டு போனாள். இதைக் கேட்டும் கோபம் வராதவர்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"அதெல்லாம் போகட்டும் எண்டு இரிந்தன் ஐயா" என்றாள் புஸ்பம். "அண்ணன் ஒரு மேசனையும் கூட்டிக்கொண்டு வந்தவரு. நடு வீட்டில சுவர் வைச்சு ஒரு பாதிய எடுக்கப் போறாராம். அவருக்கு மூணு பொம்புளப் பிள்ளைகள். மூத்தவளுக்குச் சீதனம் குடுக்க வீடு வேணுமாம். மேசன் கயிறு போட்டு அளக்க வந்தான். அம்மா கிடந்த பாயிக்கு மேலால கயிறு போட்டான். நான் கயித்தப் பிடிச்சு இழுத்து எறிஞ்சிட்டன்."

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கலியாணமாகும்போது தாய் வீட்டைக் கொடுத்துவிடுவாள். புஸ்பத்துக்குக் கலியாணம் ஆகவில்லை, சீதேவிப்பிள்ளை உறுதிப் பத்திரம் எழுதவும் இல்லை. அதனால் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று கோணாமலை நின்றான். வாய்ச்சண்டை கைகலப்பாகும் நேரத்தில் எழுந்தவர் கந்தப்போடியார். சீதேவிப்பிள்ளையின் கூடப்பிறந்தவர், அதாவது புஸ்பத்துக்கும் கோணாமலைக்கும் அம்மான். வயல் வட்டைகள் பலவற்றுக்குச் சொந்தக்காரர். அவருடைய மகளைத்தான் கோணாமலை கட்டியிருந்தான்.

"அம்மான் சொன்னாரு, வீட்டை வெட்டிப் பங்கு போடுறது எங்கட குடிக்கு மானக்கேடு. ஒராளுக்கு முழு வீடும் போகட்டும். ஆருக்கெண்டு பிள்ளையாருக்கிட்டக் கேப்பம் எண்டு. அந்த இடத்திலதான் அந்த யோசனை வந்திச்சு. அண்ணன் முதல்ல ஓமெண்டு சொல்லல்ல. பாதி போதும் எண்டுதான் நிண்டவரு. நான்தான் உடனே ஓமெண்டன். பிள்ளையாருக்குத் தெரியாதா ஐயா, ஆரு அம்மாவப் பார்த்த எண்டு?"

"எப்படிக் கேட்டது, அதச் சொல்லு" என்றார் கனகசிங்கம். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் மேசையிலிருந்த பூவை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றங்கரைப் பிள்ளையார் கோயிலில் நிர்வாகமும் பூசையும் வண்ணக்கர் கையில். அவர் எல்லாரும் பார்க்கக் கோயில் வேலியில் வெள்ளை நந்தியாவட்டை ஒன்றும் சிவப்புச் செவ்வரத்தை ஒன்றும் பறித்தார். வெள்ளை வந்தால் வீடு புஸ்பத்துக்கு, சிவப்பு வந்தால் கோணாமலைக்கு என்று அம்மான் சொன்னார். இரண்டு பூவையும் வழக்கம்போலத் தனித்தனியே பூவரசம் இலையில் வைத்து வாழைநாரால் கட்டிய வண்ணக்கர், பொட்டலங்களைத் தட்டில் வைத்தார். தீபம் காட்டி முடிந்ததும் கோணாமலையின் கடைசிக் குழந்தை ஒன்றை எடுத்தது.

"சிவப்பு" என்றாள் புஸ்பம். "சிவப்பு வந்தாக்கூடப் பரவாயில்ல ஐயா. பொட்டலத்தப் பிரிச்சா, பூ திரிச்ச திரிபோல சுருண்டு கூம்பிப் போய்க் கிடந்திச்சு. இலையும் வதங்கி. பொண்டுகளெல்லாம் வாயில அடிச்சுக்கொண்டாங்க. அம்மான் பூவத் தூக்கிக் காட்டி, பார்த்தியா சாமிர கோவத்த எண்டாரு. விரிஞ்ச பூவ அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள சுருட்டிப் போடுற அளவுக்கு நான் என்ன செய்தன்? அம்மாவுக்கு ஒரு நாள் ஏசியிரிக்கன். ராவையில அனுங்கினா, கொஞ்சம் படு எண்டு அதட்டியிரிக்கன். அதுக்கா ஐயா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சுகமாயிருந்திருக்கும். உசனார் எழுந்து விறாந்தையில் இரண்டு நடை நடந்தார்.

"வாற வெள்ளிக்கு வீட்ட விடணும்" என்றாள் அவள். "அம்மான் தன்ர வீட்டுக்கு வரச் சொல்லியிரிக்காரு. குசினியில ஒரு மூலை இரிக்காம். சமைச்சுக் குடுத்துக்கொண்டு கிடக்கலாமாம்."

"குசினியிலயா!" என்று உசனார் கத்தினார். "கருணையப் பாரு கருணைய!"

கனகசிங்கம் அவரைக் கையமர்த்தினார். "எடுபடாத மற்றப் பொட்டலத்துக்கு என்ன நடந்த, புள்ள?"

"அதப் பிரிக்கிறல்லையே ஐயா. சாமி வேணாமெண்ட பூ. ஆத்தில விடுறதுதான் வழக்கம். அண்ணன் அதையும் ஒருக்காப் பார்ப்பம் எண்டாரு. அம்மானுக்குக் கோவம் வந்திட்டு. சாமியச் சந்தேகப்படுறயா எண்டு ஏசிப்போட்டு, தானே எடுத்துக்கொண்டு போய் ஆத்தில விட்டாரு."

உசனாரின் கண் விரிந்தது. "மொதலியார்! இந்த வழக்கம் எங்களுக்கு இல்ல, அதால கேக்கன். ரெண்டு பொட்டலத்திலயும் சிவப்பையே வைச்சா, குழந்தை எத எடுத்தாலும் சிவப்புத்தானே? மற்றத ஒருத்தரும் பிரிக்கப் போறல்லையே!"

"நல்ல மூளை" என்றார் கனகசிங்கம். "ஆனா வெள்ளையும் சிவப்பும் வைச்சுக் கட்டினத ஊரே பார்த்திரிக்கு. அதுக்கு என்ன சொல்லுறீங்க?"

உசனார் தாடியைத் தடவினார்.

"நீ போ புள்ள" என்று கனகசிங்கம் புஸ்பத்திடம் சொன்னார். "நாளைக்குக் காலையில வாறன். அம்மானும் அண்ணனும் கோயிலடியில நிக்கட்டும். உன்ர பாவத்த அங்க வைச்சுச் சொல்லுறன்."

அவள் போனதும் கனகசிங்கம் முற்றத்துக்கு இறங்கினார். வேலியோரம் பூத்துக் குலுங்கிய செவ்வரத்தையில், நன்றாக விரிந்த ஒரு பூவைப் பறித்தார். ஒரு பூவரசம் இலையில் சுற்றி நாரால் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதென்ன, நீங்களும் சாமி கேக்கப் போறீங்களா?" என்றார் உசனார்.

"நாளைக்குத்தான் கேக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு அவர் ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. தை மாதத்து மப்பு வானம். தோணி அக்கரை சேர்வதற்குள் உசனார் கோணாமலையைக் குற்றவாளியாக்கி, விசாரித்து, தண்டனையும் கொடுத்து முடித்துவிட்டார். "வீடு ஆருக்குக் கிடைச்ச? அவனுக்கு. அப்ப ஆரு செய்த? அவன்!" என்றார். கனகசிங்கம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சீதேவிப்பிள்ளையின் வீட்டு வாசலில் கந்தப்போடியாரின் மாட்டு வண்டி நின்றது. வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. பெரிய பெட்டகத்தை ஏற்கெனவே வண்டியில் ஏற்றியிருந்தார்கள். கோணாமலை கயிறு கட்டிக்கொண்டிருந்தான். உடம்பு பெருத்த, முகம் தொங்கிய மனிதன். இவர்களைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டு நின்றான்.

"நான் பாதிதான் கேட்டன் ஐயா" என்றான், ஒருவரும் எதுவும் கேட்கும் முன்பே. "அதுக்குத்தானே மேசனுக்குக் கூலி பேசிக் கூட்டியந்த. முழு வீட்டையும் நான் கேக்கல்ல. சாமி தந்திட்டு. நான் என்ன செய்யலாம்?"

"மேசன எப்ப கூப்பிட்ட?"

"முதல் நாள் பின்னேரம். சீமெந்துக்கும் சொல்லிப்போட்டுத்தான் வந்தன்."

"பூக்கேக்கிற யோசனை உங்களுக்கு முதலே தெரியுமா?"

"எப்பிடித் தெரியும்? சண்டைக்குள்ள மாமா எழும்பிச் சொன்னது. மேசன் என்னோட கோவிச்சுக்கொண்டு போனான், அநியாயமா ஒரு நாள் போச்சுதெண்டு."

கனகசிங்கம் தலையாட்டினார். உசனார் மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்து, ஒரு சொல்லையும் நம்பாத முகத்தோடு பின்னால் நடந்தார்.

கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆற்றை நோக்கிய சின்னக் கோயில். வேலி முழுக்கச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும். வண்ணக்கர் மெலிந்த உடம்பும் விறைத்த முதுகுமாக நின்றார். தன் கோயிலின் பேரில் சந்தேகம் வந்திருக்கிறது என்பதே அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

"பூவ நான்தான் பறிச்ச. ஊரே பார்த்திச்சு" என்றார். "காலைச் சூரியனுக்கு நல்லா விரிஞ்ச பூ. பொட்டலத்தக் கட்டித் தட்டில வைச்சன். பிறகு திரும்பித் தீபம் காட்டினன். நான் பொய் சொன்னா இந்தக் கண் ரெண்டும் அவிஞ்சு போகட்டும்."

"தட்டை ஆரு பிடிச்சிரிந்த?"

"போடியார். குடும்பத்துக்கு மூத்தவர் அவர்தானே. கையில சால்வையப் போட்டு அதுக்கு மேல தட்ட வைச்சு மரியாதையாப் பிடிச்சவரு."

"தீபம் காட்டக்க மற்றவங்க?"

"இதென்ன கேள்வி ஐயா? கண்ண மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. தீபத்துக்கு முன்னால கண்ணத் திறந்துகொண்டா நிப்பாங்க?"

அதற்குள் ஊர் கூடிவிட்டது. புஸ்பம் மரத்தடியில் தள்ளி நின்றாள். மூன்று நாளாக அவள் கோயில் வாசலுக்கு நேரே வரவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சொன்னாள். உசனார் வெளியே பூவரச மரத்தின் கீழ் நின்று, எல்லாம் தெரியும்படி கழுத்தை நீட்டிக்கொண்டார். கடைசியாகக் கந்தப்போடியார் வந்தார். நெற்றி நிறைய நீறு, தோளில் பட்டுக்கரைச் சால்வை, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு.

"கோட்டில மொழிபெயர்த்த ஆளுக்குச் சாமி காரியத்தில என்ன வேலை?" என்றார் போடியார். "பிள்ளையார் தந்த தீர்ப்புக்கு அப்பீலா?"

"அப்பீல் இல்ல போடியார். பரீட்சை" என்றார் கனகசிங்கம். "வண்ணக்கர், அண்டைக்குச் செய்த மாதிரியே பூப் பறிச்சுக் கட்டுங்க. இது சாமியக் கேக்கிறல்ல, பூவப் பார்க்கிறது மட்டும்தான்."

வண்ணக்கர் வேலியில் ஒரு வெள்ளைப் பூவும் ஒரு சிவப்புப் பூவும் பறித்தார். இலையில் சுற்றினார், நாரால் கட்டினார், தட்டில் வைத்தார். தட்டைக் கோணாமலையிடம் கொடுக்கச் சொன்னார் கனகசிங்கம். வண்ணக்கர் மணியடித்துத் தீபம் காட்டினார். அன்று எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரமும் ஆனது. சிவப்பை வைத்துக் கட்டியது எந்தப் பொட்டலம் என்று கண்வைத்திருந்த கனகசிங்கம், அதை எடுத்துப் பிரித்தார்.

இலை பச்சையாக மொரமொரவென்றிருந்தது. செவ்வரத்தம் பூ கொஞ்சம் கசங்கியிருந்தது, அவ்வளவுதான். இதழ் விரித்து அவர் உள்ளங்கையில் சிவப்பாகக் கிடந்தது. அவர் அதைச் சுற்றி நின்ற பெண்களுக்குக் காட்டினார்.

"அண்டைக்கு வந்த பூ இப்பிடியா இரிந்த?"

"இல்ல" என்றார்கள் பலர்.

கனகசிங்கம் சட்டைப் பைக்குள் கையை விட்டு நேற்றுக் கட்டிய பொட்டலத்தை எடுத்தார். நாரை அவிழ்த்தார். வதங்கிய இலைக்குள்ளிருந்து, முறுக்கிப் பிழிந்த துணிபோல ஒரு பூ வெளியே வந்தது.

"இதுதான்!" என்று பக்கத்து வீட்டுப் பெண் வாயில் கைவைத்தாள். "ஆத்தே, அண்டைக்கு இப்பிடியேதான் இரிந்திச்சு!"

"இது நேத்து மத்தியானம் என்ர வேலியில விரிஞ்சு நிண்ட பூ" என்றார் கனகசிங்கம். "செவ்வரத்தை ஒரு நாள் பூ. காலையில விரியும், பொழுது பட்டாச் சுருண்டு கூம்பிரும். செடியில நிண்டாலும் அப்பிடித்தான், பறிச்சு வைச்சாலும் அப்பிடித்தான். உங்க ஒவ்வொருத்தருக்கும் இது தெரியும். சாமிக்குப் பூ வைக்கிற கை எல்லாத்துக்கும் தெரியும். ஆனா அண்டைக்குச் சாமிர பேரச் சொன்ன உடனே எல்லாரும் தெரிஞ்சத மறந்திட்டீங்க. நேத்தைய பூ எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. சாமிர கோவம் எண்டீங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"ஞாயிற்றுக்கிழமை பறிச்ச பூ திங்கக்கிழமைத் தட்டில எப்பிடி வந்த?" என்று அவர் தொடர்ந்தார். "வண்ணக்கர் கட்டின பொட்டலம் வேற, குழந்தை எடுத்த பொட்டலம் வேற. இடையில மாத்தியிரிக்கு. ரெண்டையும்தான் மாத்தியிரிக்கணும். ஒண்ட மட்டும் மாத்தினாக் குழந்தை எத எடுக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? உசனார் நேத்துச் சொன்னதுதான் சரி. ரெண்டிலயும் சிவப்பு. அதாலதான் மற்றதப் பிரிக்க விடல்ல."

"நான் சொன்னன்!" என்று மரத்தடியிலிருந்து உசனாரின் குரல் வந்தது. "கோணாமலை! நீ..."

"கோணாமலை இல்ல, உசனார்" என்றார் கனகசிங்கம். "இந்தப் பூவ முதல் நாளே பறிச்சுக் கட்டியிரிக்கு. அப்ப, நாளைக்குப் பூக்கேப்பாங்க எண்டு முதல் நாளே தெரிஞ்ச ஆள்தான் கட்டியிரிக்கணும். கோணாமலைக்கு அது தெரியாது. தெரிஞ்சிரிந்தா மேசனுக்குக் கூலி பேசியிரிக்க மாட்டாரு, சீமெந்துக்குச் சொல்லியிரிக்க மாட்டாரு. அவர் சுவர் வைக்க வந்தவரு. புஸ்பத்துக்குத் தெரியாது. வண்ணக்கருக்கும் தெரியாது. துடக்குக் கழியிற வரைக்கும் அந்தக் குடும்பத்துக்குக் கோயில் பேச்சே இல்ல. அண்டைக்குச் சண்டைக்குள்ளதான் அந்த யோசனை திடீரெண்டு ஒராளுக்கு வந்திச்சு. அப்பிடித்தான் எல்லாரும் நினைச்சீங்க."

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"அந்த ஆளுக்கு அது திடீரெண்டு வந்த யோசனை இல்ல. முதல் நாளே வீட்டில இரிந்து ரெண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தவரு. தட்ட அவர்தான் பிடிச்ச. சால்வை அவர்ர கையில. எல்லாரும் கண்ண மூடினீங்க. மற்றப் பொட்டலத்த ஆத்தில விட்டதும் அவர்தான். வண்ணக்கர் கட்டினதும் அதோட சேர்ந்து போயிரிக்கும். அவர் பிழை விட்டது ஒண்டே ஒண்டிலதான். வாழ்நாளெல்லாம் பொண்டுகள் பறிச்சு வைச்ச பூவில கும்பிட்ட மனிசன். செவ்வரத்தை ராவைக்குள்ள சுருண்டிரும் எண்டு அவருக்குத் தெரியல்ல."

"வாய அளந்து பேசும்!" கந்தப்போடியாரின் பிரம்பு மேலே எழுந்தது. "சாமிர கோவம் பூவச் சுருட்டினது. உமக்கு நம்பிக்கை இல்லாட்டி நான் என்ன செய்ய?"

"அப்ப இலையையும் சாமியா வதக்கினாரு?"

போடியாரின் பிரம்பு மெல்லக் கீழே இறங்கியது.

வண்ணக்கர்தான் முன்னால் வந்தார். தட்டில் ஒரு கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். "போடியார், அண்டைக்கு எல்லாரும் கண்ண மூடினம்" என்றார். "இண்டைக்கு ஒருத்தரும் மூட மாட்டம். நான் செய்யல்ல எண்டு சத்தியம் சொல்லி இதக் கையால அணைங்க. நான் உங்கட காலில விழுந்து மன்னிப்புக் கேக்கன்."

கற்பூரம் எரிந்தது. கந்தப்போடியார் அதைப் பார்த்தார். பிள்ளையாருக்கு முன்னாலேயே பிள்ளையாரை ஏமாற்றத் துணிந்த அந்தக் கை, ஊர் பார்க்க ஒரு சின்ன நெருப்பை நோக்கி நகர மறுத்தது. கற்பூரம் எரிந்து முடிந்து, கறுப்பு மட்டும் தட்டில் மிஞ்சியது.

"பேத்திக்கு வீடு வேணும்" என்றார் கடைசியில். சத்தம் குறைந்திருந்தது, கர்வம் குறையவில்லை. "இவள் தனிக்கட்டை. இவளுக்கு எதுக்கு முழு வீடு? பாதி வீட்டக் காட்டினா எவன் மாப்பிள்ளை தருவான்? குடும்ப நன்மைக்குத்தான் செய்தன்."

அதுவரை ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாத கனகசிங்கம் அப்போது உயர்த்தினார்.

"உங்கட வட்டையில ஒரு போகம் விளையிற நெல்லு போதும், பேத்திக்குக் கல்வீடு கட்ட! அதில ஒரு மணி குறையாம இரிக்கத்தானே இந்த வேலை? எடுத்ததும் எடுத்தீங்க, களவெண்டு எடுத்திரிந்தா இவள் உங்களத் திட்டிப்போட்டு நிம்மதியா இரிந்திரிப்பாள். சாமி சொன்னதெண்டு எடுத்தீங்க. ஏழு வருசம் தாயச் சுமந்த புள்ள, தான் என்ன பாவம் செய்தன் எண்டு கேட்டுக்கொண்டு ஆறு கடந்து வந்தாள். அவளுக்கு உங்கட குசினியில மூலை குடுக்கப் பார்த்தீங்க. நீங்க அவளுக்கு அம்மான்!"

புஸ்பம் மரத்தடியிலிருந்து மெல்ல நடந்து வந்தாள். அம்மானை அவள் பார்க்கவில்லை. கனகசிங்கத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப ஐயா, பிள்ளையார் என்னைய வேணாமெண்டு சொல்லல்லையா?"

"அவருக்கிட்ட ஒருத்தரும் கேக்கவே இல்ல, புள்ள" என்றார் கனகசிங்கம்.

அப்போதுதான் அவள் அழுதாள், தாய் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் பின்னால் சொன்னாள். கோணாமலை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தான்.

வண்ணக்கர் தொண்டையைச் செருமினார். "கேட்டது பிழையாப் போச்சு. இனிமேல் முறையா ஒரு தரம் கேட்டுப் பார்ப்பமா?"

"வேணாம்" என்றான் கோணாமலை. "பூவும் வேணாம், சுவரும் வேணாம். வீடு தங்கச்சிட. என்ர பிள்ளைகளுக்கு நான் உழைச்சுக் கட்டிக் குடுக்கன்." சொல்லிவிட்டு மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். "வண்டிய நீங்க கொண்டு போங்க மாமா. சாமான் ஒண்டும் வராது."

கந்தப்போடியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வழிவிட்டு விலகிய கூட்டத்தில் ஒருவரும் சால்வையை இறக்கி மரியாதை செய்யவில்லை. உசனார் மட்டும், குசினியில் இப்போது மூலை காலியாகத்தானே இருக்கும் என்று உரத்த குரலில் யாரிடமோ விசாரித்தார்.

புஸ்பம் முகத்தைத் துடைத்தாள். கோணாமலையின் கையிலிருந்த தட்டில் இன்னொரு பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது. எடுபடாத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவள் அதை எடுத்தாள். வண்ணக்கர் தடுக்காமல் விலகி நின்றார். அவள் எல்லாரும் பார்க்க நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தாள். உள்ளே நந்தியாவட்டைப் பூ வெள்ளையாக இருந்தது.

அதைப் பிள்ளையாரின் காலடியில் வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"அண்ணா, அம்மாட பெட்டகத்த முதல்ல இறக்குங்க" என்றாள். "மழை வரப்போகுது."